பசைக்குச் சொன்ன சாட்சி

என் கணவர் கண்டுபிடித்த பசையின் ரகசியத்தை அவரே ஊரறியச் சொல்லிக் கெடுத்துக்கொண்டார். கடைத்தெருவில் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. எங்கள் சபைக் கோவிலில், மைக் முன்னால் நின்று சொன்னார். இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் குரோம்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கெமிஸ்ட். அங்கே அடிப்பாகம் ஒட்டும் சொல்யூஷன் டின்னைத் திறந்தாலே தலை சுற்றும். மழைக்காலத்தில் அதன் ஒட்டும் நிற்காது. வாயைப் பிளந்த ஷூக்கள் திரும்பி வந்துகொண்டே இருக்கும். இவர் வேலையை விட்டுவிட்டு, அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் கொட்டகை போட்டு, பாலியூரித்தேன் பசை ஒன்றைக் காய்ச்ச ஆரம்பித்தார். டின்னுக்குள் காற்றுப் புகாமல் இருக்கும்வரை அது வெறும் கட்டி. சூடாக்கினால் உருகும். தடவி அழுத்தினால் ஆறும்போதே பிடித்துக்கொள்ளும். பிறகு காற்றின் ஈரம் படப்பட இன்னும் இறுகும். கீழ்க்கட்டளை ஏரித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த செருப்பை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். தோல்தான் கிழிந்தது, ஒட்டு விடவில்லை. அன்று அவர் கொட்டகைக்குள் குதித்த குதியை நான் மறக்கவில்லை.

ஆனால் அந்தக் கொட்டகைப் புகையே அவருக்கு வினையாக வந்தது. முதலில் இருமல், பிறகு இழுப்பு. தாம்பரத்தில் காட்டிய டாக்டர் பூசி மெழுகாமல் சொன்னார்.

"சார், இந்த கெமிக்கல் உங்க உடம்புக்கு ஒத்துக்கல. இனிமே அந்தப் புகை பக்கமே போகக் கூடாது. போனீங்கன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

அதனால்தான் பேட்டண்ட் வேண்டும் என்று அலைந்தோம். அது கிடைத்தால் ஏதாவது ஒரு கம்பெனி உரிமையை வாங்கிக்கொள்ளும், வேறு யாராவது காய்ச்சுவார்கள், இவர் வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாக மூச்சு விடலாம். எங்களுக்கு அது பேர், புகழ் சமாச்சாரமே இல்லை. அவர் உயிர்தான்.

பாரிமுனையில் ஒரு வக்கீலைப் பிடித்தோம்.

"புதுச் சட்டத்துல கெமிக்கலுக்கே உரிமை கிடைக்காது, செய்யற முறைக்குத்தான் கிடைக்கும். அதுலயும் நாலு சாமானைச் சும்மா கலக்கினேன்னு சொன்னா செல்லாது. கலந்ததால புதுசா ஒரு குணம் வந்துதுன்னு காட்டணும்" என்றார்.

மழையில் இறுகும் குணத்தை இவர் செய்து காட்டினார். வக்கீல் முகம் மலர்ந்தது. கடைசியாகக் கேட்டார்: "இந்த முறையை இதுவரைக்கும் வெளியில யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல சார்" என்றார் இவர். அவர் பொய் சொல்லவில்லை. கோவிலை அவர் வெளியாக நினைக்கவே இல்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். வேலை கிடைத்தாலும், காய்ச்சல் விட்டாலும், வருஷக் கடைசி ஆராதனையில் எழுந்து, கர்த்தர் செய்த நன்மையை விவரமாகச் சாட்சி சொல்ல வேண்டும். சுருக்கிச் சொன்னால் கர்த்தருக்குக் குறை வைத்த மாதிரி. வக்கீலைப் பார்ப்பதற்கு முந்திய அந்த ஆராதனையில் இவர் எழுந்தார். ஆமணக்கெண்ணெயை எவ்வளவு நேரம் ஈரம் போகக் காய்ச்ச வேண்டும், எதை முதலில் சேர்த்துத் தோற்றார், ஜெபம் பண்ணிய காலையில் எதை எந்தச் சூட்டில் சேர்க்கக் கர்த்தர் காட்டினார் என்று ஒன்று விடாமல் சொன்னார். நான் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் பக்கத்தில் அவருடைய பழைய கம்பெனி மேனேஜர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் சபைக்காரர்தான், நல்லவர் என்றுதான் பெயர்.

எங்கள் மனு ஏற்கப்பட்டு அறிவிப்பு வந்ததும் அந்த ஷூ கம்பெனி எதிர்ப்பு மனு போட்டது. இந்த முறை ஏற்கெனவே பலர் முன்னால் சொல்லப்பட்டது, புதிதல்ல, அதனால் உரிமை தரக் கூடாது என்றது. சாட்சி, அந்த மேனேஜர்.

விசாரணைக்கு முந்தின நாள் வக்கீல் எங்களை உட்கார வைத்தார். "அன்னிக்குச் சொன்னது வேற கலவை, ஏதோ உணர்ச்சிவசப்பட்டுக் கூட்டிச் சொல்லிட்டேன்னு சொல்லிடுங்க. அவங்க பக்கம் ஒரே ஆளுதான்."

"கோவில்ல நின்னு சொன்னதைப் பொய்னு சொல்லச் சொல்றீங்களா சார்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "சொல்லுங்களேன். கர்த்தருக்கு எல்லாம் தெரியாதா என்ன?" என்றேன். இவர் நெஞ்சுக்குள் விசில் அடிப்பது எனக்குக் கேட்டது.

மறுநாள் அவரிடம் கேட்டார்கள். "ஆமா, இதே முறையைத்தான் சொன்னேன்" என்றார். உத்தரவு வர நாளானாலும் எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பீச்சிலிருந்து குரோம்பேட்டை வரை மின்சார ரயிலில் நான் தனியாகப் பெண்கள் பெட்டியில் ஏறி வந்தேன். அவ்வளவு நேர்மை எனக்கு அன்று அருவருப்பாக இருந்தது.

உரிமை இல்லை என்று ஆனபின் யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். கம்பெனி காய்ச்சிப் பார்த்தது. அண்டாவிலேயே கல்லாகிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வீட்டுக்கு வந்து, முதலில் ஜெபம் பண்ணினார்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க பிரதர். மேலேருந்து வந்த உத்தரவு. திரும்ப வேலைக்கு வந்துடுங்க. உங்களை விட்டா அதை யாரு பக்குவமா காய்ச்சப் போறா?"

டாக்டர் சொன்னதை நான் அப்படியே ஒப்பித்தேன்.

"ஜன்னல் பக்கமா நிக்க வெக்கறோம் சிஸ்டர்" என்றார்.

வீட்டில் படிக்கிற வயதில் இரண்டு பெண்கள். நான் தைத்துக் கொடுக்கும் ரவிக்கைகளில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "எப்போ வரணும் பிரதர்?"

திங்கட்கிழமையிலிருந்து போனார். அடுத்த மழைக்காலத்துக்கு அவர் இல்லை. அடக்க ஆராதனை முடிந்ததும் மேனேஜர் என்னிடம் வந்து, இவர் பழக்கிவிட்ட ஆள் இப்போது நன்றாகவே காய்ச்சுகிறான், நான் கவலைப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார்.