பிஸ்கட் நிறம்

டேர்போ பூட்டிய அந்தக் காரின் சத்தம் இன்றும் சில காலைகளில் என் காதுக்குள் வரும். முதலில் மெல்லிய விசில், பிறகு யாரோ நித்திரையில் இழுப்பதுபோல ஒரு நீண்ட மூச்சு. "இது காரா மச்சான், புட்டுக்குழலா?" என்று வாப்பா கேட்பார். மாமா சிரித்துக்கொண்டே பொனட்டைத் திறப்பார்.

மாமா என் உம்மாவின் தம்பி. சவூதியில் ஒரு கராஜில் வேலை செய்துவிட்டு லீவில் கல்முனைக்கு வந்திருந்தார். அவருடைய பெட்டிக்குள் உடுப்பைவிட இரும்புதான் அதிகம். அங்கே மோதி நொறுங்கிய காரொன்றில் கழற்றிய டேர்போவைத் துவாயில் சுற்றி, குழந்தையைப்போலக் கொண்டுவந்தார். உம்மா பச்சைச் சாரி கேட்டு எழுதியிருந்தார். வந்தது சேற்று மண் நிறத்தில் ஒரு சாரி. உம்மா அதை மடியில் விரித்துத் தடவிப் பார்த்துவிட்டு, மடித்து அலுமாரியில் வைத்தார்.

எங்கள் பழைய ஜப்பான் காரில் மாமா அந்த டேர்போவைப் பூட்டினார். லொறிக்காரரான வாப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சி இதில அக்கரைப்பத்துக்குப் போய் வருவம். நிக்காம வந்தா என்ட லொறிக் கொட்டிலுக்க கராஜ் போடு. நடுவழியில நிண்டா, விசா முடிய முந்தி பிளேன் ஏறு."

மீன் வெட்டிக்கொண்டிருந்த உம்மாவின் கை நின்றுவிட்டது. எனக்கு ஏழு வயது. மாமா போகக்கூடாது என்பதைத் தவிர வேறு ஆசை எனக்கு அந்த வாரம் இருக்கவில்லை.

சிக்கல் ஸ்பார்க் பிளக்கில் இருந்தது. டேர்போ என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். உள்ளே சூடு ஏறும். அந்தச் சூட்டைச் சட்டென்று வெளியே கடத்திவிடும் பிளக் வேண்டும். எங்கள் கடைகளில் கிடைத்ததெல்லாம் வயல் பம்புக்கும் தோணி என்ஜினுக்கும் போடுகிற, சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் வகை. கொழும்புக்குச் சொல்லிவிட்டது வந்து சேரவில்லை. மாமா கடையிலிருந்த பெட்டிகளையெல்லாம் கொட்டி, ஒவ்வொரு பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மூக்கையும் நகத்தால் அளந்து, இருந்ததில் நாலைத் தெரிந்தெடுத்தார்.

"மூக்குக் கட்டையெண்டா அதில சூடு நிக்காது மருமகன்."

வியாழன் காலை அதைச் சோதிக்க என்னையும் ஏற்றிக்கொண்டு கிட்டங்கி தாண்டிச் சவளக்கடை ரோட்டில் காரை விட்டார். இரண்டு பக்கமும் நீர் கட்டிய வயல், நீருக்குள் வானம். விசில் ஏற ஏறக் கொக்குகள் எழும்பின. நாங்களும் எழும்பிவிட்டோம் என்றே எனக்குத் தோன்றியது. உச்ச வேகத்தில் மாமா என்ஜினை நிறுத்தினார். கார் சத்தமே இல்லாமல் மிதந்துபோய் ஒரு மதகடியில் நின்றது.

பிளக்குகளைக் கழற்றி, கைத்துடைக்கும் லேஞ்சியை விரித்து அதில் வரிசையாக வைத்துவிட்டு, வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார். மூக்கு பிஸ்கட் நிறமென்றால் பிளக் சரி. சாம்பல் வெள்ளையென்றால் சூடு மிஞ்சிவிட்டது. அதோடு ஓடினால் பிஸ்டன் உருகும். நிறம் பார்க்கும் வேலையை எப்போதும் எனக்கே தருவார். என்னை மதித்துத்தான் கேட்கிறார் என்று எனக்குப் பெருமை.

"என்ன கலர் மருமகன்?"

"பிஸ்கட்."

"ரெண்டாவது?"

"அதுவும் பிஸ்கட்."

மூன்றாவது வெள்ளையாக இருந்தது. நுனியில் உப்புக் குறுணிபோலப் புள்ளிகள். வெள்ளை என்று சொன்னால் நாளைக்குக் கார் போகாது. கார் போகாவிட்டால் மாமா போய்விடுவார்.

"பிஸ்கட்," என்றேன்.

"வடிவாப் பாத்தியா?"

"ஓம் மாமா."

அவர் அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பிடிபட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். "அல்ஹம்துலில்லாஹ்," என்றபடி திரும்பப் பூட்டினார். வீட்டுக்கு வருவதற்குள், அது பிஸ்கட் நிறம்தான் என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

மறுநாள் நிந்தவூர் தாண்டும்வரை வாப்பா முன் சீற்றில் பகிடி விட்டுக்கொண்டே வந்தார். பின்னால் நான். ஒலுவிலுக்குக் கிட்ட விசில் அறுந்தது. டொக்கென்று ஒரு சத்தம். பொனட்டைச் சுற்றி நீலப் புகை.

"புட்டுக் கருகிட்டு மச்சான்," என்றார் வாப்பா. ஆனால் சிரிக்கவில்லை.

மாமா மூன்றாவது பிளக்கைக் கழற்றினார். மூக்கு உருகிப்போயிருந்தது. சூடு ஆறும்வரை அதை லேஞ்சிக்குள் பொத்தி வைத்திருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"என்ட பிழைதான் மச்சான். நான்தானே பாத்துப் பூட்டின."

அடுத்த கிழமை மாமாவை வழியனுப்பப் பஸ்ஸடியில் நின்றோம். உம்மா அந்த மண் நிறச் சாரியை உடுத்திருந்தார்.

"ராத்தா, பச்ச ஒங்களுக்கு நல்ல வடிவு," என்றார் மாமா.

நான் வாய் திறப்பதற்குள் உம்மா என் கையைக் கிள்ளினார்.

"ஓம் தம்பி. நான் கேட்ட அதே பச்ச."

பஸ் மறைந்த பிறகு, கையைத் தடவிக்கொண்டு, "அது மண் கலர்தானே உம்மா?" என்றேன்.

"அவன்ட கண்ணுக்கு அது பச்சதான் மனே. ஆருக்கும் செல்லிராத."

தம்பிமேல் உம்மாவுக்கு அவ்வளவு பாசம் என்று எடுத்துக்கொண்டேன். வீடுவரை என் நினைப்பெல்லாம் அந்த மூன்றாவது பிளக்கில் இருந்தது. அது வெள்ளையென்று மாமாவும் கண்டிருக்கிறார். கண்டும், என்னைப்போலவே ஊரில் நிற்கிற ஆசையில்தான் பேசாமல் பூட்டியிருக்கிறார். அப்படியென்றால் பாதிப் பிழை அவருடையது. அந்த நினைப்பு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.