தையலுக்கு விட்ட கதவு

அந்தத் தெருவில் டெய்லர் என்றால் அவர் ஒருவர்தான். காலர் திருப்புவதிலும் பேண்டு இடுப்பைப் பிடிப்பதிலும் அவர் கை சுத்தம். அதே கை வீட்டுக்குள் வந்தால்தான் வம்பு. ஒழுகும் குழாயின் கழுத்தில் கேன்வாஸ் பட்டை. ஆடும் நாற்காலிக் காலுக்குச் சணல் நூலில் நெருக்கித் தையல். ஃபேன் ரெகுலேட்டரின் குமிழ் உடைந்த இடத்தில் ஒரு கோட்டுப் பொத்தான். வெளியாளைக் கூப்பிடலாம் என்று மனைவி வாயெடுத்தால் போதும், "எனக்குக் கை இல்லையா?" என்பார்.

அதிலும் தச்சரைக் கூப்பிடுவது என்றால் கூடுதலாக ஒரு கடுப்பு. அடுத்த சந்தில் பட்டறை வைத்திருந்த தச்சர், தன் பேண்டின் கீழ் ஓரத்தைத் தானே மடித்து மரப்பசை போட்டு ஒட்டிக்கொள்கிறவர். பசை காய்ந்து அட்டையாக விறைத்த அந்த ஓரம், டெய்லர் கடை வாசலைக் கடக்கும்போது சரக் சரக் என்று உரசும். டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு அந்தச் சத்தம் தேயும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்.

"அந்த மனுஷன் என்கிட்ட வந்தாரா? நான் மட்டும் ஏன் அவர்கிட்ட போய் நிக்கணும்?"

இந்த ரோஷத்துக்கு முதலில் மாட்டியவர் மனைவியின் அக்கா. முன்பு ஒருமுறை தங்க வந்திருந்தார். குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்திருந்ததால், அந்த இடத்தில் டெய்லர் பேண்டு இடுப்புக்கு வைக்கும் கொக்கியைப் பொருத்தியிருந்தார். எத்தனையோ தொப்பைகளைத் தாங்கிய கொக்கி, ஒரு காற்றைத் தாங்கவில்லை. கதவு விரியத் திறந்தபோது, தண்ணீர் கேன் போட வந்தவர் நேர் எதிரே நின்றிருந்தார். அக்கா தலையைக்கூடத் துவட்டாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அதன்பிறகு எட்டிப் பார்க்கவில்லை. போன் பேசினாலும், "நல்லா இருக்கியா? சரி, வெச்சிடறேன்" என்பதோடு சரி.

இப்போது அவராகவே வருகிறேன் என்று சொல்லியிருந்தார். மனைவிக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

"என்னங்க, தச்சரைக் கூப்பிடுங்க. எனக்கு இருக்கிறது ஒரே அக்கா. இந்தத் தடவையும் ஏதாவது ஆச்சுன்னா, அவ என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா."

"கதவையே புதுசா மாத்திடறேன். காத்து என்ன, புயலே அடிச்சாலும் திறக்காது பாரு."

இந்த வாக்கை மட்டும் அவர் அப்படியே காப்பாற்றினார்.

நிலையைத் தன் இஞ்சு டேப்பால் அளந்தார். பலகையைப் போட்டு, துணிக்குப் போடும் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தார். ரம்பத்தை வைத்ததும் கை தயங்கியது. நனைந்தால் துணி சுருங்கும். தாராளமாக விட்டு வெட்டாதவன் டெய்லரே அல்ல. குளியலறைக் கதவிலோ தினமும் தண்ணீர் படும். கோட்டுக்கு வெளியே தள்ளியே அறுத்தார். பிறகு நிலைக்குள் நுழையும் அளவுக்கு மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, முக்கி முக்கி மாட்டினார்.

"ரொம்ப இறுக்கமா இருக்கேங்க?"

"இப்ப இறுக்கமாத்தான் இருக்கணும். தண்ணி பட்டுச் சுருங்கினா, உடம்புக்குத் தெச்ச மாதிரி உக்காந்துடும்."

"கதவுக்கு ஏதுங்க உடம்பு?" என்றார் மனைவி. அக்கா வருகிறாரே என்று, மறுநாள் குளியலறையைக் கதவோடு சேர்த்துப் பக்கெட் பக்கெட்டாக ஊற்றிக் கழுவினார்.

அக்கா வந்ததும் பையை இறக்கும் முன்பே போய்க் கதவைத்தான் பார்த்தார். இழுத்தார், தள்ளினார், புது இரும்புத் தாழ்ப்பாளைத் தட்டினார். "ம், இது கதவு" என்று சொல்லி, வெந்நீரோடு உள்ளே போனார். டெய்லர் மீசையைத் தடவிக்கொண்டார்.

சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது. "ஏய், வெளியே பூட்டிட்டியாடி?"

"இல்லக்கா!"

"நான் தாழ்ப்பாளைத் திறந்துட்டேன். கதவு நகரமாட்டேங்குது!"

டெய்லர் பாய்ந்துபோய் இழுத்தார். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. மனைவி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத் தப்பி, செருப்புகூடப் போடாமல், கைப்பிடியோடு தச்சர் பட்டறைக்கு ஓடினார்.

"கதவை நீங்களே பண்ணிட்டீங்கன்னு கேள்விப்பட்டேனே?" என்றார் தச்சர்.

"பண்ணினேன். அதான் வந்திருக்கேன்."

இருவரும் திரும்பியபோது மனைவி கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்து அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்: "அந்தத் தண்ணி கேன்காரன் இப்பவும் வர்றானா?"

"எங்கேக்கா! அன்னிக்கே இந்தத் தெருவை விட்டுட்டார். உன்னைவிட அவர்தான் அதிகமா பயந்துட்டார்."

உள்ளிருந்து சிரிப்பு வந்தது, குளியலறையே எதிரொலிக்க. மனைவியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. தச்சர் உளியை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே, பேசிட்டிருக்கோம்" என்றார் மனைவி.

தச்சர் ஓரமாகக் குந்தினார். வெந்நீர் கொண்டுபோனதில் குளியலறை வாசலெல்லாம் சிந்திக் கிடந்த தண்ணீரில் அவர் பேண்டு ஓரம் நனைந்து, பசை விட்டு, மடிப்பு தொங்கியது. டெய்லரின் கண் அதிலேயே நின்றது.

"தண்ணி பட்டா பசை விட்டுடும்னு தெரியாதா?"

"தண்ணி பட்டா மரம் ஊதும்னு உங்களுக்குத் தெரியாத மாதிரிதான். ஓரத்துக்குப் பெயிண்டாவது அடிச்சிருக்கலாம். ஓரம் அடிக்காம துணி குடுப்பீங்களா?"

டெய்லர் தன் காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார்.

பேச்சு ஓய்ந்தபின், தச்சர் கீல் ஆணிகளைத் தட்டி எடுத்து, உளியால் நெம்பிக் கதவைப் பெயர்த்தார். தலையில் துண்டோடு வெளியே வந்த அக்கா, தச்சர் கதவைத் தாங்கி நிற்பதையும், டெய்லர் அவர் காலடியில் உட்கார்ந்து ஓரம் தைப்பதையும் பார்த்தார்.

"இது காயணும், அப்புறம்தான் இழைக்க முடியும். ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றார் தச்சர்.

மனைவிக்கு முகம் விழுந்தது. அக்கா பையைத் தூக்குவார் என்றே நினைத்தார்.

"அவசரமில்ல, மெதுவா பண்ணுங்க" என்றார் அக்கா. "அதுவரைக்கும் தம்பி ஒரு திரை தெச்சுக் குடுக்கட்டும், அது அவர் தொழில். இவ வெளியே காவலுக்கு உக்காரட்டும், பேசறதுக்கு இன்னும் நிறைய இருக்கு."

டெய்லர் உடனே இஞ்சு டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார்.

"தம்பி, ஒண்ணு," என்றார் அக்கா. "கொக்கி மட்டும் வேண்டாம்."