அழித்தும் திரும்பி வந்த மென்பொருள்

அரசாங்க அலுவலகத்தில் ஓர் அதிகாரி மாற்றலாகிப் போனால், கதவிலிருந்து பெயர்ப்பலகையைக் கழற்றியதும் வேலை முடிந்தது என்று பலரும் நினைப்பார்கள். முடியாது. ரப்பர் முத்திரை, அலமாரிச் சாவி, கையொப்ப அதிகாரம், கார் நிறுத்துமிடம் என்று அவர் எங்கெங்கோ மிச்சமிருப்பார். அந்த மிச்சங்களைத் தேடித் துடைப்பதுதான் நிர்வாகப் பிரிவில் என் பிழைப்பாக இருந்தது. ஓய்வு பெற்று, பெர்மாஸ் ஜெயா குடியிருப்பில் எங்கள் வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. கணினியிலிருந்து ஒரு மென்பொருளை எடுப்பதும் அதே வேலைதான். 'நீக்கு' என்று அழுத்தினால் பெயர்ப்பலகை மட்டும் கழலும். மற்றதெல்லாம் ரெஜிஸ்ட்ரி என்கிற உள் பதிவேட்டில் சாவகாசமாகக் குடியிருக்கும்.

நான் நீக்க வேண்டியிருந்தது என் கணவரின் பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளை. அவர் லாயாங் லாயாங் பக்கம் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். தேர்வுத் தாள்களைத் தட்டச்சுப் பொறியில் அடித்தே விரல் தேய்ந்தவர். எங்கள் தேவாலயத்தின் தமிழ்ப் பூசைக்கு வாரந்தோறும் பாட்டுத்தாள் தயாரிப்பது அவர்தான். ஓய்வுக்குப் பிறகு 'இன்னும் ரெடியாகலையா' என்று அவரை யாராவது அவசரப்படுத்துகிற காரியம் அது ஒன்றுதான்.

ஒருநாள் பாடகர் குழுத் தலைவி போன் செய்தார். "அங்கிள், நீங்க அனுப்புறது எங்க போன்ல கட்டம் கட்டமா வருது. பாதி இங்கிலீஷ் எழுத்து. யாராலயும் படிக்க முடியல. பேசாம நானே போன்ல பேசி எழுதிக்கவா? இப்பல்லாம் ஈசி லா."

"வேணாம்மா. இந்தச் சனிக்கிழமை சரியா வரும்" என்றார் இவர். போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே மடித்திருந்த சட்டையை மறுபடி மடித்தார்.

எல்லாப் போன்களிலும் தெரிகிற எழுத்துக்குப் புது மென்பொருள் ஒன்றை நிறுவினேன். பழையது கணினியில் இருக்கும்வரை இரண்டும் சக்களத்திகள் போல ஒரே விசைப்பலகைக்குச் சண்டை போட்டன. பழையதை நீக்கினேன். பிறகு முறைப்படி ரெஜிஸ்ட்ரியைத் திறந்தேன். முதல் விதி, எதையும் தொடுமுன் பதிவேட்டுக்கு ஒரு காப்பு நகல் எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும். வைத்தேன். பெயரைத் தேடித் தேடி ஒவ்வொரு வரியாக அழித்தேன். ஒரு வரி மட்டும் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது. என் வீட்டுக் கணினி, என் மின்சாரம். அனுமதி மட்டும் வேறு யாரோ தர வேண்டுமாம். இந்த ஏற்பாடு எனக்குப் புதிதல்ல. உரிமையை என் பெயருக்கு மாற்றிக்கொண்டு அதையும் அழித்தேன்.

மறுநாள் எல்லா வரிகளும் திரும்ப வந்திருந்தன. மறுபடி அழித்தேன். அடுத்த நாளும் இருந்தன. கணினி தொடங்கும்போது தானாக ஓடுகிறவற்றையெல்லாம் சோதித்தேன். குற்றவாளி யாரும் அகப்படவில்லை. கடைசியில், இத்தனை நாளும் அழிக்கிற அவசரத்தில் படிக்காமல் விட்ட ஒரு குறிப்பைப் படித்தேன்: நிறுவிய நாள், எதிலிருந்து நிறுவியது. முந்தின நாள் நான் அடக்கம் செய்த மென்பொருள் அன்று காலையில் ஒரு பென்டிரைவிலிருந்து பிறந்திருந்தது. உயிர்த்தெழுதலில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அதை இவ்வளவு தூரம் நீட்ட நான் தயாராக இல்லை.

"ஏங்க, காலையில கம்ப்யூட்டர்ல என்ன செஞ்சீங்க?"

"மெயில் பார்த்தேன்."

"மெயில் பார்க்கப் பென்டிரைவ் எதுக்கு?"

அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. "அலமாக்! புடிச்சிட்டியா? நீ தினமும் அழிக்கிற, நான் தினமும் போடுறேன். ரெண்டு பேருக்கும் பொழுது போகுதுல்ல?"

"விளையாடாதீங்க. நாளைக்குச் சனிக்கிழமை."

"அதுதான். புதுசுல ஒரு பல்லவி அடிக்கிறதுக்குள்ள பூசையே முடிஞ்சிடும். பழசுல அடிச்சு, தாளைப் போட்டோ புடிச்சு அனுப்பிடலாம்னு இருந்தேன்." சிரிக்கப் பார்த்தார். "இதையும் குடுத்துட்டா அப்புறம் நான் என்ன செய்யிறது, சொல்லு."

புதியதில் அடித்துக் காட்டச் சொன்னேன். 'தேவனே' என்று அடிக்க, முதலில் கொம்பைத் தட்டினார், பிறகு எழுத்தை. தட்டச்சுப் பொறியில் அதுதான் வரிசை. புதியதில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. கொம்பு போய் முந்தின எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. அவர் திருத்தினார். விரல் மறுபடி அதையே செய்தது. விரலில் எழுதியிருப்பதைத் தேடி அழிக்க ஒரு வழியும் கிடையாது. அதற்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.

புது மென்பொருளின் அமைப்புகளைத் திறந்தேன். நிறுவும்போது 'பரிந்துரைக்கப்பட்டது' என்றிருந்த விசைப்பலகையை ஏற்றிருந்தேன். யாருக்குப் பரிந்துரைத்தார்கள் என்று கேட்கவில்லை. அதற்குக் கீழே, பட்டியலின் கடைசியில், 'பழைய தட்டச்சுப் பொறி முறை' என்று ஒன்று இருந்தது. தேர்ந்தெடுத்துவிட்டு நாற்காலியை அவரிடம் விட்டேன்.

கொம்பு, எழுத்து. கொம்பு, எழுத்து. அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. அவர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை மட்டும் பார்த்து அடிக்கத் தொடங்கினார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை தாளை அனுப்பியதும் தலைவியின் குரல் பதிவு வந்தது. "அங்கிள், சூப்பரா தெரியுது! அடுத்த வாரம் குருத்தோலை ஞாயிறு, பாட்டு நிறைய இருக்கு. லேட் பண்ணிடாதீங்க, ப்ளீஸ்." அவர் அதை என் காதில் விழும்படி இன்னொரு முறை போட்டுக் கேட்டார்.

அன்று மாலை பழையதை அவரே நீக்கினார். பின்னாலேயே நான் பதிவேட்டைத் துடைத்தேன். அதற்குப் பிறகு ஒரு வரிகூடத் திரும்பி வரவில்லை. பென்டிரைவ் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அது அவருடைய செபமாலைப் பெட்டிக்குள் இருக்கிறது. காப்பு நகலைப் பாதுகாப்பான இடத்தில் வைப்பதுதானே முறை.