சாக்கு மூடிய சுண்ணாம்புக் குறி

அப்பாவின் காரியம் முடிந்து ஓசூர் அலுவலகத்துக்குத் திரும்பியபோது, எங்கள் ஊர்தான் என் கம்ப்யூட்டரில் காத்திருந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஏரிக் கால்வாய் வேலைக்காக ட்ரோன் எடுத்த படங்கள். ஒன்றன்மேல் ஒன்று விழும் அந்தப் படங்களைக் கோத்து, எங்கே அளந்தாலும் தரையோடு ஒத்துப்போகும் ஒரே படமாக்குவது என் வேலை. கூடவே தரையின் மேடுபள்ளத்துக்கும் ஒரு மாடல் செய்ய வேண்டும். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

படம் இடம் மாறி உட்காராமலிருக்க, பறப்பதற்கு முன் தரையில் அங்கங்கே சுண்ணாம்பில் பெருக்கல் குறி போட்டு, அதன் இடத்தையும் உயரத்தையும் கருவி வைத்து அளப்போம். அதில் ஒன்று எங்கள் ராகிக் கொல்லையில் விழுந்தது. ஆடுமாடு மிதிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அப்பாவுக்கு போன் செய்தேன். மகள் ஒரு வேலை சொல்லிவிட்டால் அவருக்கு அது கலெக்டர் உத்தரவு.

"மிதிக்கிறது இருக்கட்டும்மா, மழ வந்தா கரைஞ்சிடுமே. சாக்கு போட்டு மூடி, நாலு மூலைக்கும் கல்லு வெச்சிட்டேன்" என்றார்.

"ஐயோ அப்பா, மூடினா மேலேர்ந்து எப்படித் தெரியும்?"

"அது வர்றப்ப தொறந்து காட்டறேன், போ."

மறுநாள் ட்ரோன் பறந்தது. அடுத்த வாரம் மாரடைப்பில் அப்பா போய்விட்டார்.

திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினேன். முதல் சில படங்களில் சாக்கு மட்டும். ட்ரோன் கொல்லைக்கு மேல் வந்த படங்களில் சாக்கு ஓரமாகச் சுருண்டு கிடக்க, வெள்ளைக் குறி பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் அப்பா. தலைத்துண்டு, நீண்ட நிழல், அண்ணாந்த முகம் இருக்கவேண்டிய இடத்தில் நாலைந்து மங்கலான கட்டங்கள். அடுத்த படங்களில் மறுபடியும் சாக்கு. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். குறியின் நடுவில் புள்ளி வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

டீம் லீடர் பின்னால் வந்து நின்றார். "கொல்லைல யாரோ ஆள் நிக்கிறாரு பாருங்க. ஹைட் மாடல்லயும் சின்னதா மேடு வந்திருக்கு. எடுத்துடுங்க மேடம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆள், மாடு, வைக்கோல் போர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கொடுப்போம். தண்ணீர் ஓடும் வழியைப் பார்க்க வெறும் தரைதான் வேண்டும். அது யாரென்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் சாரி என்பார், அறையே திரும்பிப் பார்க்கும், யாராவது டீ வாங்கி வருவார்கள். "சரி சார்" என்றேன்.

முதலில் மேட்டைச் சமன்படுத்தினேன். பிறகு படங்களைச் சேர்க்கும் வெட்டுக்கோட்டை நகர்த்தி, அந்த இடத்துக்கு அவர் இல்லாத, சாக்கு மட்டும் கிடந்த படத்தைக் கொண்டுவந்தேன். கை அதுபாட்டுக்குச் செய்தது.

சாயங்காலம் அம்மா போன் செய்தார்.

"நம்ம கொல்ல படம் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு."

"அப்பா தெரியறாரா? போட்டோ புடிக்கிறாங்கன்னு ஆடாம அசையாம நின்னேன்னு வந்து சொன்னாரு."

"சாக்கு தெரியுதும்மா" என்றேன்.