பட்டினியோடு வாதாடிய டாக்டர் வசந்தி

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. டாக்டர் வசந்தி காலமான செய்தி வந்தபோது நான் பிரிக்ஃபீல்ட்ஸ் முடிதிருத்தும் கடையில் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். அப்படியே எழுந்து ஓடினேன். கிள்ளானில் அவருக்கு மாலை போட வந்தவர்களுக்கு நடுவே, பாதி மீசை கறுத்தும் மீதி நரைத்தும் நின்ற ஆசாமி யாரென்று இன்னும் விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு: அடியேன்தான்.

என்னோடு படித்தவர். நான் பத்திரிகையில் கிண்டல் எழுதப் போனேன். அவர் செல்களை ஆராயப் போனார். நெருக்கடி வந்தால் ஒரு செல் எப்படித் தன்னையே செரித்துப் பிழைக்கிறது, எந்தக் கட்டத்தில் செத்துப்போகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. "உன் கட்டுரையும் என் செல்லும் ஒண்ணுதான்டா. வெளிய ஒண்ணும் கிடைக்கலைன்னா தன்னையே தின்னுது," என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் கோயில் மண்டபத்தில் அவர் பேசிய அன்று உங்களில் சிலர் இருந்திருப்பீர்கள். புரட்டாசி மாதம், விரதம் பற்றி அவருடைய உரை. ஏற்பாட்டாளர்கள் அவர் படத்தைப் போட்டு, 'பட்டினி இருந்தால் புற்றுநோய் தன்னைத்தானே தின்றுவிடும்' என்று ஊரெல்லாமும் மண்டபத்துக்குள்ளும் பேனர் கட்டியிருந்தார்கள். மேடையேறிய பிறகுதான் அவர் அதைப் பார்த்தார்.

"முதல்ல அதை இறக்குங்க."

கோயில் தலைவர் கெஞ்சினார். "கூட்டம் வந்திருச்சு லா டாக்டர். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அப்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பந்திங்கிலிருந்து வந்த லெட்சுமி அக்கா. புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்தவர். சேலைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தார். "பேனரைப் பார்த்ததுலேர்ந்து சனிக்கிழமை மட்டும் இல்ல டாக்டர், தினமும் விரதம்தான். கஞ்சிகூடத் தொடல."

வசந்தி மேடையை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, பசிச்சா செல்லு தனக்குள்ள கிடக்கிற உடைசலை எடுத்து அடுப்பெரிக்கும். நல்லதுதான். உடைசல் தீர்ந்துட்டா? கதவைப் பேர்த்து எரிக்கும், கூரையைப் பிரிச்சு எரிக்கும். அப்புறம் வீடு ஏது? அந்தக் கட்டிக்கும் இதே வித்தை தெரியும்க்கா. நீங்க பட்டினி கிடந்தா அதுவும் தன்னைத் தின்னு தாக்குப்பிடிக்கும். மருந்தைத் தாங்க உங்களுக்குத்தான் தெம்பு இருக்காது."

அன்னதானத்திலிருந்து இரண்டு தட்டு வந்தது. "நீங்க சாப்பிட்டாத்தான் நானும்," என்று தன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா கடைசியில் ஒரு வாய் எடுத்து வைத்தார். மண்டபமே மூச்சு விட்டது.

வசந்தியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு பெருமையைத்தான். ஒரு செல்லின் வாழ்வையும் சாவையும் நம் தமிழில், யாருக்கும் விளங்கும்படி சொல்ல ஒருவர் நம்மிடம் இருந்தார் என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்கிறேன்.

இறுதிச் சடங்குக்கு வந்திருந்த லெட்சுமி அக்காவிடமும் பீற்றினேன். சிகிச்சை முடிந்து திடமாக இருக்கிறார்.

"அதுவா தம்பி? அவங்க சொன்னது எனக்கு ஒண்ணும் விளங்கல. பாவம், டாக்டர் தட்டுல சோறு ஆறிப்போகுதேன்னுதான் சாப்பிட்டேன்."