ஈதன் பனியன்

எங்கள் பனியன் கம்பெனிக்குப் பத்து நாள் செக்கிங் வேலைக்கு வந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, விரல்கள் மட்டும் இடுக்கி. எந்தப் பனியனையும் கழுத்தைப் பிடித்து ஓர் இழு இழுத்த பிறகுதான் பாஸ் செய்வார்.

அன்று குழந்தைப் பனியன்கள், மேலே அச்சடித்த வெளிநாட்டுப் பையன்களின் பெயர்கள். வாசலில் லாரி காத்திருக்க, அவர் ஒவ்வொரு பெயருக்கும் அர்த்தம் கேட்டார். போனில் பார்த்துச் சொன்னேன். நோவாவுக்கு ஓய்வு என்றதும் லேசாக ஓர் இழு, பாஸ். அடுத்தது ஈதன்.

"எபிரேய மொழிப் பேருங்க. உறுதின்னு அர்த்தம். வத்தாத ஆத்துக்கும் அந்த வார்த்தைதானாம்" என்றேன்.

உடனே இரு கைகளாலும் இழுத்தார். தையல் பிரிந்தது. ஈதன்கள் மொத்தமும் ரிஜெக்ட்!

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏனுங்க, நோவாவும் இதே தையல்தானுங்களே?"

"ஓய்வெடுக்கற பையனுக்கு இது போதுமுங்க. உறுதின்னு பேரு வெச்சுட்டுக் கழுத்து பிரிஞ்சா, அந்தப் பையன் அப்பறம் யாரை நம்புவானுங்க?"

ஈதன்களுக்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டு அனுப்பினோம்.

லாரி கிளம்பியதும் என் பெயரைக் கேட்டார்.

"தைரியராஜுங்க."

அவர் பார்வை என் சட்டைக் கழுத்தில் வந்து நின்றது. நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.