பூண்டுலோயாவுக்கு இரண்டாவது பயணம்: கேபிள் போதாத கதை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய்வந்தேன். ஊர் சுற்றப் போகவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் அங்கே நானே மாட்டிய கருவி சரியில்லை, தூள் கெட்டுப்போகிறது என்று புகார் வந்திருந்தது. இதே மாதிரி வேலையாக மலைப்பக்கம் போகும் நண்பர்கள் சிலர் வழி கேட்டிருந்தார்கள். வழியையும் சொல்கிறேன், அங்கே நான் பண்ணிய கூத்தையும் சொல்கிறேன்.

கொழும்பிலிருந்து காலை 5.30க்கு ஹட்டன் பஸ். சாதாரண பஸ்தான், 520 ரூபாய். கித்துல்கலையில் கால்மணி நேரம் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வளைவுகள்தான், வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் வெறும் டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 10.20க்கு ஹட்டன். அங்கிருந்து தலவாக்கலை 45 நிமிடம், 90 ரூபாய். தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயா 40 நிமிடம், 70 ரூபாய். மழைக் கோட்டு கொண்டுபோங்கள். குடையை நம்பினால் நனைவது உறுதி.

கருவியைப் பற்றிக் கொஞ்சம். பறித்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்று விட்டு வாட்டுவார்கள். எவ்வளவு வாடியது என்று சென்சார் பார்க்கும், பக்கத்திலேயே இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் அந்த நொடியே ஃபேனைக் கூட்டும், குறைக்கும், நிறுத்தும். கொழும்பில் இருக்கும் சர்வரைக் கேட்டுக்கொண்டு நிற்காது. மூடுபனி இறங்கினால் அங்கே போனில் ஒரு கோடு சிக்னல் வருவதே பெரிய விஷயம், அதனால் முடிவெடுப்பது அங்கேயே நடக்க வேண்டும். எழுதும்போது எனக்கு அவ்வளவு பெருமை. யாராவது கையால் ஃபேனைப் போட்டால் அதையும் நேரத்தோடு பதிந்து வைக்கும்படி செய்திருந்தேன்.

பூண்டுலோயா டவுனில் ஒரு த்ரீவீலர் பிடித்தேன். ஆறு கிலோமீட்டர், 800 ரூபாய் கேட்டார், 700க்கு இறங்கினார். வாயாடி மனுஷன். எங்கே போறீங்க என்றார். சும்மா சுற்றிப் பார்க்க என்று சொல்லிவைத்தேன். ஃபேக்டரியில் பார்க்க என்ன இருக்கிறது என்று சிரித்தவர், அங்கே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வந்திருக்கிறது, அதைப் போய்ப் பாருங்கள் என்றார். பிறகு சொன்னார்: “அந்தப் பொட்டி வந்ததுலருந்து சண்டைதாங்க. வாட்டுற மாடியில இருந்த செல்வி அக்காவக் கொண்டுபோய் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போட்டுட்டாங்க. பன்னெண்டு வருசம் உள்ளுக்கு வேல செஞ்சவங்க. கம்ப்யூட்டரு பேச்சக் கேக்க மாட்டேங்குறாங்களாம்.”

 அப்படி எழுதிக் கொடுத்தவன் நான். மாட்டிய ஆறாவது வாரம், கொழும்பில் ஏசி அறையில் உட்கார்ந்து பதிவுகளைப் பார்த்தேன். ஒரே ஆள் 41 தடவை கையால் ஃபேனைப் போட்டிருந்தார். ‘பணியாளர் முறையைப் பின்பற்றுவதில்லை, அந்த இடத்துக்கு வேறு ஆள் போடுவது நல்லது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு டிபன் சாப்பிடப் போனேன். அந்த ஆள் யார், ஏன் போட்டார் என்று ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை.

தொழிற்சாலைக்குள் போனதும் டீமேக்கர், அதாவது தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி, மாடிக்குக் கூட்டிப்போனார். சிங்களவர், நல்ல மனிதர். தொட்டியின் தூர முனையில் கை வைத்தேன். கொழுந்து ஈரமாக, விறைப்பாக இருந்தது. ஃபேன் பக்கத்து முனையில் துவண்டு கிடந்தது. சென்சார் இருந்ததோ ஃபேன் பக்கத்தில். அந்தப் பக்கம் சீக்கிரம் வாடும், எல்லாமே வாடிவிட்டது என்று என் புரோகிராம் நினைத்துக்கொண்டு ஃபேனை நிறுத்தும். செல்வி பாதி கொழுந்து ஈரமாக இருப்பதைக் கையால் பார்த்துத் திரும்பப் போட்டிருக்கிறார். அவருக்குப் பிறகு வந்தவர் பயந்துபோய்ச் சுவிட்சைத் தொடவே இல்லை, தூளும் கெட்டது.

சென்சாரை ஏன் அங்கே மாட்டினேன்? தூர முனைக்கு இழுக்கக் கேபிள் எட்டு மீட்டர் குறைந்தது. மழை. டவுனுக்குப் போய் வாங்கிவந்தால் கொழும்பு பஸ் தவறிவிடும். பிறகு வந்து மாற்றலாம் என்று நினைத்தேன், மறந்தே போனேன். இதை எழுதும்போதுகூட வெட்கம் பிடுங்கித் தின்கிறது. இந்தத் தடவை டீமேக்கர் என்ன கோளாறு என்று கேட்டபோது, சின்ன அட்ஜஸ்ட்மென்ட் என்று சிங்களத்தில் சொல்லிச் சமாளித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுபோயிருந்த நீளக் கேபிளால் சென்சாரைத் தூர முனைக்கு மாற்றினேன். அரைமணி நேர வேலை.

நாலரை மணிக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனேன். செல்வி நாற்பது வயதிருக்கும், இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியபடி வரிசையில் நின்றார். இரண்டு விரல்களில் துணி சுற்றியிருந்தது. சென்சார் தப்பான இடத்தில் இருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று தமிழில் கேட்டேன்.

“மொத நாளே தெரியுங்க சார்.”

அப்படியானால் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன். அவர் கூடையை இறக்கி வைத்தார்.

“நீங்க பொட்டி மாட்ட வந்த அன்னைக்குப் படிக்கட்டுல நின்னு அம்மாகிட்ட போன்ல பேசுனீங்க. நம்ம பேச்சு. நம்ம ஆளு ஒருத்தரு இஞ்சினியரா வந்திருக்காரு, டீமேக்கர் ஐயா முன்னுக்கு அவரு செஞ்சது பெழைன்னு எப்பிடிங்க சொல்றது? நீங்களே வந்து மாத்துவீங்கனு பாத்தேன். அது வரைக்கும் நான் கையால போட்டுக்கிட்டேன்.”

எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் அப்பா நல்லதண்ணிப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கொழும்பில் அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. முதல் தடவை வந்தபோது, செல்வி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் டீமேக்கரோடு மட்டும் சிங்களத்தில் பேசினேன். செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

திரும்ப மாடியேறி டீமேக்கரிடம் உண்மையைச் சொன்னேன். தவறு என்னுடையது, செல்வி மேல் எழுதியது பொய், அவர் மாடியில் இருந்தவரை தூள் கெடாமல் இருந்ததே அவரால்தான் என்று.  அங்கேயே நின்று போனில் அதையே எழுதி, தோட்ட மேனேஜரான துரைக்கும் என் மேலதிகாரிக்கும் அனுப்பினேன். சிக்னல் பிடிக்க மூன்று தடவை வாசலுக்கு வர வேண்டியிருந்தது. டீமேக்கர் துரையிடம் பேசினார். திங்கட்கிழமையிலிருந்து செல்விக்குப் பழைய இடம் என்று முடிவானது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பூண்டுலோயாவிலிருந்து ஹட்டன் பக்கம் திரும்புவதானால் ஐந்தரைக்குள் டவுனுக்கு வந்துவிடுங்கள். கேபிள் தேவைக்கு மேல் பத்து மீட்டர் கொண்டுபோங்கள், பஸ் தவறினால் தவறட்டும், தலவாக்கலையில் 2,500 ரூபாய்க்கு அறை கிடைக்கும். ஒருவர் உங்கள் கருவியை மீறி நடக்கிறார் என்று பதிவு காட்டினால், அறிக்கை எழுதுவதற்கு முன் அவரைக் கேளுங்கள். மாடியில் கொழுந்தைத் தொடுகிறவர்களிடம் அவர்கள் பாஷையில் பேசுங்கள். அது உங்கள் பாஷையாகவும் இருந்தால், என்னைப் போல ஒளிக்காதீர்கள்.

அன்று மாலையே, திங்கட்கிழமையிலிருந்து பழைய இடம் என்ற சேதியைச் சொல்லச் செல்வியிடம் திரும்பிப் போனேன். சரிங்க என்றார். கொஞ்சம் தள்ளி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி ஒன்று கேட்டார்:

“இதச் சொன்னதால ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?”

ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மேலதிகாரி, பரவாயில்லை, அடுத்த தடவை பார்த்துக்கொள் என்றார். செல்வி ஆறு வாரம் மழையில் மலையில் நின்றிருக்கிறார். என்னை ஒருவர்கூடத் திட்டவில்லை.